தேடியவர் இருக்கும் இடம்

ஜூன் 11

இல்லை. அவன் போனை நான் தொட்டதே இல்லை. மடிக்கணினியில்தான் பார்த்தேன். இரண்டும் ஒன்றல்ல.

இந்த மடிக்கணினி முன்பு அவனுடையது. நான்கு வருடத்துக்கு முன், எனக்கு வீட்டிலிருந்தே செய்யும் இந்த வேலை கிடைத்தபோது, ரூபன் அண்ணன் இதைத் துடைத்து, சார்ஜர் வயரில் டேப் சுற்றி, என் மேசையில் வைத்தான். தன் கணக்கிலிருந்து அவன் வெளியேறவில்லை. நானும் வெளியேற்றவில்லை. அவன் போனில் எதைத் தேடினாலும் அது இங்கே பழைய தேடல்களின் பட்டியலில் வந்து விழும்.

அவன் போய் இன்றோடு ஒன்பது நாள். எப்போது கூப்பிட்டாலும் போன் அணைந்திருக்கிறது. கட்டட வரைபடம் போடும் அவன் அலுவலகத்துக்கும் தகவல் இல்லை. காவல் நிலையத்தில் மனுவை வாங்கிக்கொண்டார்கள். "முப்பத்தோரு வயசு ஆளுதானம்மா, வந்துருவாரு" என்றார் ஏட்டு.

இன்று மதியம் 2.40க்குப் பட்டியலில் ஒரு வரி.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜ்

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அண்ணன் உசுரோட இருக்காம்மா. லாட்ஜு தேடியிருக்கான்."

"எந்த ஊருலட்டி?"

"ஊரு போடல."

"ஊரு பேரு போடாம எப்படிட்டி கேப்பான்? அந்த மிஷினு எந்த ஊருன்னு கேக்காதா?"

"கேக்காதும்மா. ஆளு எங்க நிக்கான்னு அதுக்கே தெரியும்."

"அதுக்குத் தெரியும்னா உனக்கு ஏன் தெரியல? நீ அதுலதான வேல பாக்க?"

ஜூன் 12

என் வேலை. யாரோ தேடியது திரையில் வரும். கீழே, தேடியவர் இருக்கும் இடம். ஊர் மட்டும். பெயர் வராது. அவருக்கு என்ன வேண்டும் என்று நான் சொல்ல வேண்டும்: தெரிந்துகொள்ளவா, ஏதாவது செய்யவா, எங்காவது போகவா. பிறகு, தேடுபொறி காட்டிய முடிவுகளுக்கு மதிப்பெண் போட வேண்டும்.

இன்று வந்ததில் ஒன்று: மாரியம்மன் கோவில். இடம் விருதுநகர். புகழ்பெற்ற கோவிலைக் காட்டினால் மதிப்பெண் குறைவு. அவர் கேட்பது பக்கத்துத் தெருவில் இருப்பதை. நடை திறந்திருக்கிறதா என்று.

சேர்ந்த புதிதில் ஒவ்வொன்றுக்கும் நெடுநேரம் யோசிப்பேன். குழுத் தலைவர் தாமோதரன் கூப்பிட்டுச் சொன்னார்: "மேடம், நூறு பேர் இதை டைப் பண்ணா எண்பது பேருக்கு என்ன வேணும்? அதை எடுங்க. மிச்ச இருபது பேரை விட்டுருங்க. அவங்களுக்காக உக்காந்து யோசிச்சா வேலை நகராது."

இப்போது நான் வேகமானவள். இருபது பேரை எளிதாக விட்டுவிடுவேன்.

ஜூன் 13

அவன் தேடலின் மேல் 'விவரம்' என்று அழுத்தினால் ஒரு சின்ன வரைபடம் திறக்கிறது. அதில் நீல வட்டம். 'இந்தப் பகுதியில் இருந்தீர்கள்.' வட்டம் கோயம்புத்தூரைச் சுற்றி இருக்கிறது.

ஆனால் கோயம்புத்தூரில் யாரும் எதையும் பழைய பஸ் ஸ்டாண்டு என்று சொல்வதில்லை. காந்திபுரம் என்பார்கள், உக்கடம் என்பார்கள். பக்கத்தில், பழைய பஸ் ஸ்டாண்டை அடையாளமாகச் சொல்லும் ஊர் திருப்பூர்.

கண்டுபிடித்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னபோது என் குரலில் பெருமை இருந்தது. அது எனக்கே கேட்டது.

ஜூன் 15

திருப்பூர். காலை ஏழிலிருந்து மதியம் ஒன்றுவரை. பதினொரு லாட்ஜ்.

எட்டாவது லாட்ஜின் மேனேஜர் மட்டும் புகைப்படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"ஏனுங்க, வூட்டுக்காரருங்களா?"

"அண்ணன்."

"கோவிச்சுட்டுப் போயிட்டாருங்களா?"

"ஆமா."

"யாருகூட?"

மேசைமேல் இருந்த பதிவேட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அவர் பதிவேட்டைப் புரட்டினார். ரூபன் என்று யாரும் இல்லை. "இங்கதான் இருக்காருன்னு எப்படிச் சொல்றீங்க?"

"பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜு தேடியிருக்கார்."

அவர் சிரித்தார். ஏளனம் இல்லை. "அம்மிணி, ஈரோட்டுல ஒரு பழைய பஸ் ஸ்டாண்டு. சேலத்துல ஒண்ணு. தஞ்சாவூருல, நாகப்பட்டினத்துல. ஒரு ஊருல புதுசு கட்டுன அன்னிக்கே இன்னொண்ணு பழசாயிப் போகுதுங்க. பழைய பஸ் ஸ்டாண்டு இல்லாத ஊரு ஒண்ணு சொல்லுங்க பாப்போம்."

புகைப்படத்தைப் பைக்குள் வைத்தேன்.

"டீ சொல்லட்டுங்களா?" என்றார். குடித்தேன்.

ஜூன் 16

சாரல். துணி காயவில்லை. பட்டியலில் ஒன்றுமில்லை.

ஜூன் 19

காலை 10.05:

மீன் ஏலம் எத்தனை மணிக்கு

விவரத்தை அழுத்தினேன். நீல வட்டம். கோயம்புத்தூர்.

கோயம்புத்தூரில் கடல் இல்லை.

போனிலிருந்து தேடும்போது, இடத்தைக் காட்டும் வசதியை ஒருவர் அணைத்து வைத்திருந்தால், தேடுபொறி அந்த போன் கம்பெனியின் பெரிய இயந்திரம் இருக்கும் ஊரைத்தான் ஆள் இருக்கும் ஊராக எடுத்துக்கொள்ளும். ராமேஸ்வரத்தில் நிற்பவரும் கோயம்புத்தூர். குமுளியில் நிற்பவரும் கோயம்புத்தூர். இது எனக்குத் தெரியும். வாரத்தில் நாற்பது தடவை 'இடம் நம்பத்தக்கதல்ல' என்று குறிக்கிறேன். தாமோதரன் என்னை வைத்துத்தான் புதியவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்துகிறார்.

தெரிந்தேதான் திருப்பூருக்குப் போனேன். வட்டம் என்று ஒன்று இருந்தது. அது போதுமாக இருந்தது.

ஜூன் 22

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது மூன்று பேர் அண்ணனைக் கேட்டார்கள். "மாப்பிள எங்க, வெளியூர் வேலையா?" அம்மா, "ஆமா, பெங்களூரு" என்றாள். நான்காவது ஆள் கேட்பதற்குள் ஆட்டோவில் ஏறிவிட்டோம்.

அண்ணனின் கல்யாண நிச்சயம் முறிந்தது எல்லோருக்கும் தெரியும். ஏன் முறிந்தது என்று ஆளுக்கொரு கதை.

சாயர்புரத்துக்கு, பெண் வீட்டுக்கு, போன் பண்ணியது அம்மாதான். பெண்ணின் அப்பாவிடம் பேசியதும் அவள்தான். இதை எழுதி வைக்கிறேன்.

ஜூன் 25

சரி. அதையும் எழுதுகிறேன்.

மே 20ஆம் தேதி பட்டியலில் இருந்தவை:

வலிப்பு இருந்தால் கல்யாணம் செய்யலாமா
வலிப்பு மாத்திரை வயிற்றில் இருக்கும் குழந்தையை பாதிக்குமா
வலிப்பு வந்தால் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்

நிச்சயம் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அவனுக்கு வலிப்பு இருக்கிறது, நம்மிடமும் மறைத்திருக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். அவனுடைய கணக்கு, அவனுடைய கல்யாணம். நூறில் எண்பது பேர் தங்கள் வியாதியைத்தான் தேடுவார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் நேர்மையானவள். ஒரு பெண்ணின் வாழ்க்கை என்றாள். மறைக்கக் கூடாது என்றாள்.

நான் அவளைத் தடுத்திருக்க முடியாது. தடுக்க முயன்றேனா என்பது வேறு.

ஜூன் 26

நூற்றைம்பது பணிகள் முடித்தேன். துல்லியம் தொண்ணூற்றாறு சதவீதம். பாராட்டு மின்னஞ்சல் வந்தது.

ஜூன் 28

அண்ணனுக்கு நிச்சயம் செய்திருந்த ஹெப்சிபா சந்திக்கச் சம்மதித்தாள். சாயர்புரம் பஸ் நிறுத்தத்தில், சனிக்கிழமை அரை நாள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு. அவள் அங்கே நூலகர். அண்ணிக்கு என்று அம்மா எடுத்து வைத்திருந்த சேலையின் நிறத்தில் ஒரு சுடிதார் போட்டிருந்தாள். நிழற்குடையில் நாங்கள் இருவர் மட்டும்.

"அவங்க போன் பண்ணாங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. உங்களுக்கு?"

"பண்ண மாட்டாங்க. நான் அப்படிப் பேசிட்டேன்."

அவளாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். சொன்னாள்.

"வலிப்பு எனக்குத்தான். பதினாலு வயசுல இருந்து. இப்ப மூணு வருஷமா வரல, மாத்திரை போடுறேன். அப்பா யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. நான்தான் மனசு கேக்காம உங்க அண்ணன்கிட்ட சொன்னேன். அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? 'எனக்கு இதப்பத்தி ஒண்ணும் தெரியாது, படிச்சுப் பாத்துட்டு வாரேன்'னாங்க. பரீட்சைக்குப் போற மாதிரி."

எனக்குக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அப்புறம் உங்க அம்மா எங்க அப்பாவுக்கு போன் பண்ணி, 'எங்க பிள்ளைக்கு வலிப்பு இருக்கு போலிருக்கு, மறைச்சுட்டோம்னு நெனைக்காதீங்க'ன்னாங்க. எங்க அப்பா அத எப்படி எடுத்துப்பாங்க? மறைச்சது அப்பாதான? உங்க வீட்டுல தெரிஞ்சுகிட்டு நம்மளக் குத்திக் காட்டுதாங்கன்னு நெனைச்சுட்டாங்க. பதிலுக்கு என்னென்னமோ கத்துனாங்க. தெருவே கேட்டுச்சு. இப்ப பள்ளிக்கூடத்துல நான் ஏணில ஏறி புக் எடுத்தா ரெண்டு டீச்சர் ஓடி வந்து பிடிக்காங்க."

"அண்ணன் உங்ககிட்ட என்ன சொன்னான்?"

"யார்ட்டயும் சொல்லலன்னு சத்தியம் பண்ணாங்க. 'அப்ப உங்க வீட்டுக்கு எப்படித் தெரியும்?'னு கேட்டேன். பதில் இல்ல. பொய் சொல்றீங்கன்னு போனை வச்சுட்டேன்." பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "உங்க வீட்டுக்கு எப்படித் தெரியும், ஜெபசீலி?"

பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

ஜூன் 29

வயிற்றில் இருக்கும் குழந்தையை பாதிக்குமா. வரி அங்கேயேதான் இருந்தது. மாத்திரை சாப்பிடுவது ஒரு பெண் என்பதற்கு அதற்கு மேல் என்ன வேண்டும். எம்.ஃபில். பட்டத்துக்காக ஒரே நாவலின் மௌனங்களைப் பற்றி நூற்றுப் பத்துப் பக்கம் எழுதியவள் நான்.

ஜூலை 2

மாலை 4.30:

ஒருவர் காணாமல் போனால் எத்தனை நாள் தேடுவார்கள்

வேலையில் இது வந்திருந்தால் குழப்பமே இல்லை. தேடுபவர்: காணாமல் போனவரின் குடும்பம். தேவை: காவல்துறை நடைமுறை, உதவி எண்.

எண்பது பேர்.

இதை அம்மாவிடம் காட்டவில்லை.

ஜூலை 3

காலையில் ஒன்று உறைத்தது. அவன் போனில் தேடியது இங்கே விழுகிறது என்றால், நான் இங்கே தேடியது அவன் போனில் விழும். அவன் தேடும் கட்டத்தைத் தொட்டதும் பழைய தேடல்களோடு வரிசையாக வந்து நிற்கும்.

நான்கு வருடமாக.

போன வருடம் மார்ச் மாதம் நான் தேடியவற்றை இங்கே எழுத மாட்டேன். உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றிய மாதம் அது. அந்த மார்ச்சில் அவன் தினமும் ஐந்தரைக்கே வீடு வந்துவிடுவான். மொட்டை மாடிக்குக் கூப்பிட்டுப் போய் என்னோடு சதுரங்கம் ஆடினான். தோற்றுக்கொண்டே இருந்தான். "நான் ஒரு ஆட்டம் ஜெயிக்கிற வரைக்கும் நீ எங்கயும் போகக் கூடாதுட்டி" என்பான். நான் அதை விளையாட்டு என்றுதான் நினைத்தேன். யாரிடமும் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாவிடம்கூட.

கட்டத்தில் தட்டச்சு செய்தேன்.

ரூபன் அண்ணே நான் ஜெபா

தேடுபொறி ரூபன் என்ற பெயரில் வண்ணார்பேட்டையில் ஒரு மின்சாதனக் கடையைக் காட்டியது. இன்று மாலை எட்டுவரை திறந்திருக்கும்.

ஹெப்சிபா எல்லாம் சொன்னாள்

முடிவுகள் இல்லை.

உன் தேடலைப் பார்த்தது அம்மா இல்லை நான்

ஜூன் 2ஆம் தேதி காலை அவன் கேட்டான்: "அம்மா, யாரு என் போனைப் பாத்தது?" அம்மா என்னைப் பார்த்தாள். நான் தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். தடவியதையே திரும்பத் தடவினேன். "நான்தாம்லே பாத்தேன். பெத்தவ பாக்கக் கூடாதா?" என்றாள். அம்மாவுக்கு அந்த போனைத் திறக்கக்கூடத் தெரியாது. அது அவனுக்கும் தெரியும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவன் பையை எடுத்துக்கொண்டு போனான். தோசை தீய்ந்திருந்தது.

வீட்டுக்கு வா

இதற்கு, வீட்டுக்கே வந்து பரிசோதிக்கும் ரத்தப் பரிசோதனை நிலையங்கள் ஆறு. எல்லாம் இங்கே பாளையங்கோட்டையில்.

ஜூலை 4

ஒன்றுமில்லை.

ஜூலை 5

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். தேடும் கட்டத்தில் எழுதினால் அவன் போனில் தெரியும் என்று. நான் என்ன எழுதினேன் என்பதையும்.

"அத ஏன் சொன்ன?" என்றாள். "நான் ஏத்துக்கிட்டேம்லா. பெத்தவ மேல எத்தன நாளைக்குக் கோவமா இருப்பான்? கூடப்பொறந்தவ மேல வந்தா அது போகாதுட்டி."

பிறகு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள், அவளே தட்டச்சு செய்யப் போகிறவள் மாதிரி.

"சாப்பிட்டியாலேன்னு போடு."

போட்டேன். பிரியாணிக் கடைகள் வந்தன. எண்ணூறு மீட்டரில் ஒன்று, ஒரு கிலோமீட்டரில் இரண்டு.

"இது யாரு கேட்டா? மூடு இத."

"அது அப்படித்தாம்மா. நாம சாப்பிடணும்னு கேக்கோம்னு நெனைக்கும்."

"கூறு கெட்டது. 'சாப்பிட்டியாலே'ன்னா யாரு யார்ட்ட கேப்பான்னுகூடத் தெரியாதா அதுக்கு?" நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டாள். "வேட்டி ரெண்டும் தொவச்சு வச்சிருக்கேன்னு போடு. அந்தப் பிள்ளைக்கு வலிப்புன்னா என்ன, நாம பாத்துக்கலாம்னு போடு. அவ அப்பன்ட்ட நான் போய்க் கால்ல விழுதேன்னு போடு."

எல்லாவற்றையும் போட்டேன். வேட்டிக் கடைகள், நரம்பியல் மருத்துவர்கள். கடைசி வரிக்கு மட்டும் அதனால் ஒன்றும் காட்ட முடியவில்லை.

ஜூலை 6

பட்டியலை எத்தனை தடவை திறந்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எங்கள் வரிகள்தான் இருக்கின்றன.

ஹெப்சிபாவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: நான்தான் பார்த்தேன், நான்தான் தவறாகப் புரிந்துகொண்டேன், அவன் பொய் சொல்லவில்லை. படித்ததற்கான நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை, அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லாத நாள். தெரிந்துதான் அனுப்பினேன்.

ஜூலை 8

மாலை 4.12. பணிகளுக்கு நடுவில் திறந்தேன். ஒரு புதிய வரி.

வேறு கருவியிலிருந்து என் கணக்கை வெளியேற்றுவது எப்படி

மூன்று தடவை படித்தேன். வேறு பொருள் இருக்கிறதா என்று இருபது பேருக்காகவும் யோசித்தேன். ஐந்து பேருக்காகவும். ஒருவனுக்காக.

நோக்கம்: செய்வது. இடம்: தேவையில்லை.

அவன் படித்திருக்கிறான். எல்லாவற்றையும். கட்டத்தைத் தொட்டிருக்கிறான், எங்கள் வரிகள் வந்து நின்றிருக்கின்றன, அவற்றுக்கு மேல் இதை அடித்திருக்கிறான். முதல் முடிவிலேயே சரியான வழிமுறை இருந்தது. நான் திறந்து பார்த்தேன். ஐந்து படிகள், படங்களோடு, எளிய தமிழில். மதிப்பெண் போடச் சொன்னால் முழு மதிப்பெண்.

ஏதாவது எழுதலாம் என்று கட்டத்துக்குள் விரலைக் கொண்டுபோனேன். அண்ணே என்று மட்டும் அடித்தேன். தேடும் பொத்தானை அழுத்தவில்லை.

4.19க்குத் திரை வெளுத்தது. கடவுச்சொல் கேட்டது.

அம்மா பின்னால் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"என்னட்டி, அவனா?"

இந்தத் தடவை நான் அவள் முதுகுக்குப் பின்னால் ஒளியவில்லை.

"அவந்தாம்மா. இதுல இருந்து நம்மள வெளிய அனுப்பிட்டான். இனிமே அவன் தேடுறது நமக்கு வராது. நாம எழுதுறது அவனுக்குப் போகாது."

"வருவானா?"

"வர மாட்டாம்மா."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அவள் படிக்க ஒன்றுமில்லை.

"நான் சொன்னதையும் படிச்சானா?"

"படிச்சிருப்பான். எல்லாம் ஒண்ணாத்தான் வரும்."

"சாப்பிட்டியான்னு கேட்டதையும்?"

"அதையும்."

"அப்ப அதுக்கு மட்டுமாவது பதில் சொல்லிருக்கலாம்லா" என்றாள்.

ஜூலை 9

மடிக்கணினியில் என் பெயரில் ஒரு கணக்கு திறந்தேன். இருப்பிடம் கேட்டது. பாளையங்கோட்டை என்று கொடுத்தேன். பத்து மணிக்குப் பணிகள் வந்தன. முதலாவது, 'பக்கத்தில் மருந்துக் கடை', தேடியவர் இருக்கும் இடம் கோயம்புத்தூர். 'இடம் நம்பத்தக்கதல்ல' என்று குறித்துவிட்டு அடுத்ததைத் திறந்தேன்.